மழையில் நனைந்த எலெக்ட்ரிக் சைக்கிள்: கன்ட்ரோலரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான். மூன்று வருடமாக ஓடும் எலெக்ட்ரிக் சைக்கிள். 36 வோல்ட் பேட்டரி, பின்சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார். ஒரு நாள் நல்ல மழையில் நனைந்தபடி வீட்டுக்கு வந்திருக்கிறது. மறுநாள் காலையில் டிஸ்ப்ளே எரிகிறது, ஆனால் த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் கடகடவென்று நடுங்கிவிட்டு நின்றுவிடுகிறது. கடையில் "கன்ட்ரோலர் போயிடுச்சு, இந்த மாடல் இப்ப வர்றதில்லை, மோட்டாரோட சேர்த்து கிட்டையே மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். கன்ட்ரோலரை மட்டும் வேறு வாங்கி நாமே போட முடியுமா?

முடியும். அதே கம்பெனி, அதே மாடல் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று தடித்த வயர்களில் சரியான நேரத்தில் சரியான முறையில் மின்சாரம் வந்தால் எந்த ஹப் மோட்டாரும் சுற்றும். அதை அனுப்பும் பெட்டிதான் கன்ட்ரோலர். அந்தப் பெட்டியின் மேல் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைப் பற்றி மோட்டாருக்குக் கவலை இல்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறியைப் படித்ததும் எனக்கு வரும் முதல் சந்தேகம் கன்ட்ரோலர் மேல் இல்லை. டிஸ்ப்ளே எரிகிறது, மோட்டார் நடுங்குகிறது, அதுவும் மழைக்கு மறுநாள். இப்படி என் மேஜைக்கு வந்த சைக்கிள்களில் பல தடவை கன்ட்ரோலர் நன்றாகவே இருந்திருக்கிறது. அதனால் காசைச் செலவழிக்கும் முன் ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

நடுக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரியும். கன்ட்ரோலருக்குள் ஆறு மாஸ்ஃபெட்டுகள், அதாவது மின்னணு சுவிட்சுகள், இருக்கும். மோட்டாருக்குப் போகும் அந்த மூன்று தடித்த வயர்களுக்கு (ஃபேஸ் வயர்கள்) ஆளுக்கு இரண்டு. அவை மாறி மாறித் திறந்து மூடி, காயில்களுக்கு முறை வைத்து மின்சாரம் அனுப்பும். எப்போது எந்தக் காயிலுக்கு அனுப்புவது? அதைச் சொல்வது மோட்டாருக்குள் இருக்கும் மூன்று ஹால் சென்சார்கள். காந்தம் இப்போது எங்கே நிற்கிறது என்று அவை மெல்லிய வயர் வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த மூன்றில் ஒன்று பேசாமல் போனாலும், மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்தாலும், மோட்டார் முன்னே போக முயன்று திக்கும். அந்தத் திக்கல்தான் உங்கள் 'கடகட'.

முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, மோட்டார் வயர் கன்ட்ரோலரோடு சேரும் இடத்தைத் திறந்து பாருங்கள். சில சைக்கிள்களில் அது அம்புக்குறி போட்ட வட்டமான ஒன்பது பின் கனெக்டர். சிலவற்றில் மூன்று புல்லட் கனெக்டரும், ஹால் வயர்களுக்குத் தனியாக ஒரு வெள்ளை பிளக்கும் இருக்கும். பின்களில் செம்புப் பாத்திரத்தில் பிடிப்பது போலப் பச்சைக் களிம்பு தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. ஐந்து வோல்ட் ஓடும் பின்னும் தண்ணீரும் சேர்ந்தால் அந்தக் களிம்பு சில நாட்களிலேயே வந்துவிடும். பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் வைத்துத் தேய்த்து, நன்றாகக் காயவைத்து, அழுத்தி மாட்டிப் பாருங்கள். இதோடு சரியாகிவிட்ட சைக்கிள்கள் உண்டு.

சரியாகவில்லை என்றால் ஹால் சென்சார்களைப் பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, பேட்டரியை மாட்டி, டிஸ்ப்ளேயை ஆன் செய்யுங்கள். ஹால் பிளக்கின் பின்பக்கமாக மீட்டர் முனையை நுழையுங்கள். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 4.5 முதல் 5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அது இருந்தால், கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு சக்கரத்தை மிக மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பின்னோக்கித்தான். கியர் உள்ள ஹப் மோட்டாருக்குள் ஒரு கிளட்ச் இருப்பதால், முன்னோக்கிச் சுற்றினால் சக்கரம் மட்டும் சுற்றும், உள்ளே மோட்டார் அசையாது. மீட்டர் 0, 5, 0, 5 என்று தாவ வேண்டும். பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே செய்யுங்கள். ஏதாவது ஒன்று 0-விலோ 5-லோ அப்படியே நின்றுவிட்டால் கோளாறு அந்தச் சென்சாரில், அல்லது அதன் வயரில். சிவப்பு-கறுப்பு இடையே 5 வோல்ட்டே இல்லை என்றால் ஹால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் மட்டும் அளந்து பாருங்கள். கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் மோட்டார் பக்கம் ஏதோ ஷார்ட் ஆகி அதை இழுத்துக்கொண்டிருக்கிறது. வராவிட்டால் த்ராட்டிலையும் பெடல் சென்சாரையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். அவையும் பெரும்பாலும் அதே 5 வோல்ட்டில் ஓடுபவை. எல்லாம் கழற்றியும் வரவில்லை என்றால்தான் கன்ட்ரோலர் மேல் பழி போடலாம்.

அப்புறம் மாஸ்ஃபெட். இதற்குக் கருவியே வேண்டாத ஒரு சோதனை இருக்கிறது. பேட்டரி இல்லாமல் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மோட்டார் வயரை மாட்டியிருக்கும்போது கல் அரைப்பது போல இறுக்கமாக இருந்து, கழற்றியதும் லேசாகிவிட்டால், கன்ட்ரோலருக்குள் மாஸ்ஃபெட் ஷார்ட். கழற்றிய பிறகும் இறுக்கம் குறையவில்லை என்றால் ஷார்ட் மோட்டாரிலோ அதன் கேபிளிலோ இருக்கிறது. மீட்டரிலும் உறுதி செய்துகொள்ளலாம். டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி நெகட்டிவ் வயரிலும், கறுப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸிலும் தொடுங்கள். 0.4 முதல் 0.6 வரை ஏதோ ஓர் எண் வரும், மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே எண். பிறகு கறுப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் வயரில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸிலும் தொடுங்கள். அதே எண் வர வேண்டும். எங்காவது 0 காட்டி பீப் அடித்தால் அந்த மாஸ்ஃபெட் போய்விட்டது, கன்ட்ரோலரை மாற்றத்தான் வேண்டும். (பேட்டரியைக் கழற்றியதும் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் காலியாகும். கையில் மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றி வைத்துவிட்டு உட்காருவது நல்லது.)

கன்ட்ரோலர் போய்விட்டது என்று உறுதியானதும் கடைக்கு ஓடாதீர்கள். ஏன் போனது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் புதியதை மாட்டுவது ஆபத்து. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவரின் சைக்கிளில் நான் இந்தத் தவறைச் செய்தேன். மீட்டரில் மாஸ்ஃபெட் ஷார்ட் என்று தெளிவாகத் தெரிந்தது. புதிய கன்ட்ரோலர் வாங்கி மாட்டினேன், சக்கரம் நான்கைந்து சுற்று சுற்றியது, பட்டென்று ஒரு சத்தம், கருகிய வாடை. அதன் பிறகுதான் சக்கர அச்சைக் குனிந்து பார்த்தேன். அச்சின் துளை வழியே கேபிள் வெளியே வரும் இடத்தில், ரப்பர் உறை நட்டுக்கு அடியில் நசுங்கி, ஒரு நெல் மணி அளவுக்குக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்குள் மஞ்சள் ஃபேஸ் வயரின் செம்பும் பச்சை ஃபேஸ் வயரின் செம்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. சைக்கிள் எப்போதோ அந்தப் பக்கமாக விழுந்திருக்கிறது. பழைய கன்ட்ரோலரைக் கொன்றது அதுதான், புதியதையும் அதுவே கொன்றது. புதியதன் காசை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த ஹப் மோட்டார் வந்தாலும் முதலில் அச்சருகே கேபிளை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மீட்டரையே எடுக்கிறேன். ஃபேஸ் வயர் ஹால் வயரைத் தொட்டால் இன்னும் மோசம். ஐந்து வோல்ட்டுக்குப் பழகிய சென்சாருக்குள் 36 வோல்ட் பாயும்.

அந்த இடத்தில் நசுங்கியிருந்தால் கேபிளைச் சரிசெய்த பிறகுதான் மற்றவை. அச்சின் நட்டுக்கு அடியில் நாக்கு உள்ள வாஷர் சரியாக ஃபிரேமில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நட்டு தளர்ந்து அச்சே சுழன்றாலும் கேபிள் இப்படித்தான் முறுக்கி அறுபடும்.

சரி, இப்போது வாங்குவது. பழைய கன்ட்ரோலரின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வோல்ட், கரன்ட் எல்லை, குறைந்த வோல்டேஜ் எல்லை, ஃபேஸ் கோணம் 120 டிகிரி, பிரேக் வகை ஆகியவை அதில் இருக்கும். வோல்ட் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். 36 வோல்ட் பேட்டரி என்பது பத்து செல் வரிசை. முழு சார்ஜில் 42 வோல்ட் காட்டும், சுமார் 31 வோல்ட்டுக்கு இறங்கியதும் கன்ட்ரோலர் தானாக நிறுத்த வேண்டும். 48 வோல்ட் கன்ட்ரோலர் சுமார் 42-லேயே நிறுத்திவிடும். அதாவது உங்கள் முழு பேட்டரியையும் அது காலி பேட்டரி என்று நினைக்கும். மாறாக 36 வோல்ட் கன்ட்ரோலரில் 48 வோல்ட் பேட்டரியை மாட்டுவது தற்கொலை. அது முழு சார்ஜில் 54.6 வோல்ட். மலிவான 36 வோல்ட் கன்ட்ரோலர்கள் பலவற்றில் 50 வோல்ட் கெப்பாசிட்டர்தான் இருக்கும்.

கரன்ட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. பழையதில் 14 ஆம்பியர் என்று இருந்தால் 14 அல்லது 15 வாங்குங்கள். "இருபது போட்டா பறக்கும் சார்" என்பவர்களைக் கேட்காதீர்கள். கணக்கைப் பாருங்கள். இந்த வகை சைக்கிள்களில் நிறைய வருவது 7.8 ஆம்பியர்-மணி பேட்டரி, 2.6 ஆம்பியர்-மணி செல்கள் மும்மூன்றாக. 14 ஆம்பியர் இழுத்தால் ஒரு செல்லுக்கு 4.7 வரும். 20 இழுத்தால் 6.7. இந்த வகை செல்களில் பலவற்றுக்குத் தொடர்ந்து தாங்கும் எல்லை 5 ஆம்பியரை ஒட்டியது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் மேட்டில் ஏறும்போது வெட்டிவிடும். வெட்டாவிட்டால் செல் சூடாகும், அது அதைவிடக் கவலைக்குரியது. ஹப்புக்குள் நைலான் பற்சக்கரங்கள் வேறு இருக்கின்றன. அவை இந்த வேகத்துக்கும் இழுப்புக்கும் செய்யப்பட்டவை அல்ல. சட்டமும் ஒன்று உண்டு. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 250 வாட், 25 கிலோமீட்டர் வேகம் என்ற எல்லைக்குள் இருக்கும் வரைதான் உங்கள் வண்டி பதிவும் லைசென்ஸும் கேட்காத சைக்கிள். தாண்டினால் அது மோட்டார் வாகனம்.

டிஸ்ப்ளேதான் பலரும் இடறி விழும் இடம். பழைய டிஸ்ப்ளேயை வைத்துக்கொண்டு கன்ட்ரோலரை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் டிஸ்ப்ளே எரியும், ஆனால் எரர் காட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தயாரிப்பாளரும் டிஸ்ப்ளேக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே தங்களுக்கென்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். பிளக் ஒரே மாதிரி இருக்கும், பொருந்தியும் உட்காரும், பேச்சு மட்டும் புரியாது. ஆகவே கன்ட்ரோலரையும் டிஸ்ப்ளேயையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். அந்தக் கூடுதல் செலவு கிட் முழுவதையும் மாற்றுவதில் சிறு பங்குதான். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் விசாரித்துப் பார்க்கலாம், மற்றவர்களுக்கு ஆன்லைன்தான். எங்கே வாங்கினாலும் வயரிங் படம் கேட்டு வாங்குங்கள். படம் தர முடியாதவரிடம் வாங்க வேண்டாம். வாங்கும்போது 'டூயல் மோட்' வகை கிடைத்தால் அதற்கே என் ஓட்டு. ஹால் சென்சார் இருந்தால் அதை வைத்தும், செத்துவிட்டால் அது இல்லாமலும் ஓட்டும். உங்கள் கோளாறு ஹால் சென்சாரில்தான் என்று தெரிந்தாலும், மோட்டாரைப் பிரிக்காமல் இந்த வகை கன்ட்ரோலரை மாட்டி ஓட்டிவிடலாம். கிளம்பும்போது லேசாக ஓர் உதறல் இருக்கும், கொஞ்சம் பெடல் போட்டுக் கிளம்பினால் அதுவும் தெரியாது.

இனி மாட்டுவது. இங்கே நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே: வயரின் நிறத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்பது பெரும்பாலும் சரி. மற்ற நிறங்களில் ஆளுக்கொரு வழக்கம். டிஸ்ப்ளேயின் ஐந்து வயர்களில் ஒன்றில் பேட்டரியின் முழு வோல்ட்டும் நிற்கிறது. பவர் பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே அதை இன்னொரு வயர் வழியே திருப்பி அனுப்பி கன்ட்ரோலரை எழுப்பும். மீதியில் ஒன்று நெகட்டிவ், இரண்டு பேச்சு வயர்கள். பிளக் பொருந்தவில்லை என்று வெட்டி, நிறம் பார்த்து ஒட்டினால், 36 வோல்ட் பேச்சு வயருக்குள் போய் டிஸ்ப்ளே அந்த நொடியே முடிந்துவிடும். த்ராட்டிலும் அப்படியே. புதிய கன்ட்ரோலரின் த்ராட்டில் பிளக்கில் எது 5 வோல்ட், எது நெகட்டிவ் என்று மீட்டரில் கண்டுபிடித்த பிறகே இணையுங்கள். இணைத்த பிறகு மூன்றாவது வயரில் சும்மா இருக்கும்போது 1 வோல்ட்டை ஒட்டியும், முழுதாகத் திருகினால் 4 வோல்ட்டை ஒட்டியும் காட்டினால் த்ராட்டில் நன்றாக இருக்கிறது. பேட்டரி வயரை மட்டும் மூன்று முறை சரிபாருங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் ஒரு முறை மாறித் தொட்டால் போதும், புது கன்ட்ரோலர் பழசாகிவிடும்.

ஃபேஸ் வயர்களுக்கு நல்ல புல்லட் கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்து (இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வைத்து), சூடு பட்டால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் மாட்டுங்கள். மூன்று மூட்டும் ஒரே இடத்தில் வராதபடி ஒன்றை நீளமாகவும் ஒன்றைக் குட்டையாகவும் வெட்டிக்கொண்டால், ஒரு ட்யூப் கிழிந்தாலும் அவை ஒன்றோடொன்று தொட வழியில்லை. வெறும் முறுக்கும் இன்சுலேஷன் டேப்பும் வேண்டாம். நம் வெயிலில் அந்தப் பசை இளகி ஒரே கோடையில் டேப் அவிழ்ந்துவிடும்.

முதல் தடவை ஆன் செய்யும்போது சக்கரம் தரையில் படக்கூடாது. முடிந்தால் பேட்டரி வயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தற்காலிகமாகச் சேருங்கள். தப்பு இருந்தால் கன்ட்ரோலருக்குப் பதில் ஃபியூஸ் போகும் வாய்ப்பு அதிகம். சில கன்ட்ரோலர்களில் தனியாக ஒரு ஜோடி வெள்ளை வயர் தொங்கும். அது 'செல்ஃப் லேர்னிங்'. இரண்டையும் இணைத்து ஆன் செய்தால் மோட்டார் தானே சுற்றி, எந்த ஃபேஸ் எந்த ஹாலுக்கு என்று கற்றுக்கொள்ளும். பின்னோக்கிச் சுழன்றால் ஒரு முறை பிரித்துத் திரும்ப இணையுங்கள், திசை மாறும். சரியானதும் பிரித்து, முனைகளை மூடிவிடுங்கள்.

அந்த வயர் இல்லை என்றால் கையால் தேட வேண்டும். பயமாகத் தோன்றும், உண்மையில் எளிது. ஹால் வயர்களை நிறத்துக்கு நிறம் மாட்டிவிட்டு, மூன்று ஃபேஸ் வயர்களை மட்டும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மொத்தம் ஆறு விதம், அதில் ஒன்றுதான் சரி. சரியான இணைப்பில் மோட்டார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும், சக்கரம் தூக்கிய நிலையில் ஒரு ஆம்பியரை ஒட்டித்தான் இழுக்கும். தவறான இணைப்பில் உறுமும், நடுங்கும், வேகம் வராது, கரன்ட் எகிறும். ஒவ்வொரு முறையும் பேட்டரியை எடுத்துவிட்டு வயரை மாற்றுங்கள், த்ராட்டிலை ஓரிரு நொடி, அதுவும் லேசாக மட்டும் திருகுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, ஆனால் பின்னோக்கி என்றால், எந்த இரண்டு ஹால் வயர்களையாவது இடம் மாற்றிவிட்டு ஆறு விதத்தையும் திரும்ப ஒரு சுற்று பாருங்கள். இம்முறை கிடைக்கும் அந்த ஒன்று முன்னோக்கி இருக்கும். ஒரு எச்சரிக்கை: கியர் ஹப் மோட்டாரில் மோட்டார் பின்னோக்கிச் சுற்றினால் கிளட்ச் விட்டுவிடும். சத்தம் மட்டும் கேட்கும், சக்கரம் அசையாது. அதைக் கோளாறு என்று நினைத்து மோட்டாரைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

பெடலின் நடுவில் மோட்டார் இருக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவற்றில் கன்ட்ரோலர் மோட்டார் கூட்டுக்குள்ளேயே இருக்கும். பஃபாங் பிபிஎஸ்02 போன்றவற்றில் திருகு கழற்றித் தனியாக மாற்றலாம். போஷ் மோட்டார் என்றால் டீலரிடம்தான் போக வேண்டும்.

கடைசியாகப் பெட்டியை வைக்கும் இடம். மழைதான் உங்களை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது என்பதால் இதில் அவசரப்படாதீர்கள். கன்ட்ரோலரின் வயர் வெளிவரும் பக்கம் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வயர் வழியே இறங்கும் ஒவ்வொரு சொட்டும் நேராகப் பெட்டிக்குள்தான். கேபிள்களைக் கொஞ்சம் தொங்கவிட்டு, வளைந்து மேலேறி உள்ளே நுழையும்படி கட்டுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டி விழுந்துவிடும். வயர் நுழையும் ஓட்டையில் சிலிக்கான் சீலன்ட் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். சூடு வெளியேற அலுமினியப் பெட்டி காற்றுப் படும்படி இருக்கட்டும், ரெக்சின் பைக்குள் துணி சுற்றித் திணிக்காதீர்கள். டிஸ்ப்ளேயில் சக்கர அளவையும் ஸ்பீடு காந்தங்களின் எண்ணிக்கையையும் சரியாகப் போட்டுவிட்டு, வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, கன்ட்ரோலரையும் மூன்று ஃபேஸ் மூட்டுகளையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. மூன்றில் ஒரு மூட்டு மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால், அந்த கிரிம்ப்பை வெட்டித் திரும்பப் போடுங்கள்.